கட்சி மாறாத கச்சிமுகம்மது

"நாட்டுல எண்டாலும் ஓட்டு விளக்குக்கா, குடத்துக்கா எண்டு ஒரு வார்த்தை கேட்டாங்க! நம்மட பந்துக் கழகத்துல அதுவும் கேக்காமத்தான் தலைவர் கதிரையை விடாமக் குந்தியிருக்கார்!"

விறாந்தையில் கணவன் கச்சிமுகம்மதுவின் குரல் உயர்ந்ததும், குசினியில் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்த நபீஸா தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்திருப்பவர்கள் மகள் பரீனாவுக்குக் கேட்ட மாப்பிள்ளையின் ஆட்கள். மருதமுனையிலிருந்து வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். கலியாணம் முடித்து மாப்பிள்ளை குடிவரப்போகிற வீடல்லவா, சுவரையும் கூரையையும் பார்க்கத்தானே வேண்டும்? இந்த மனிசனோ அவர்களுக்கு நாட்டையும் பந்தையும் காட்டிக்கொண்டிருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த வீட்டு நுணல் மகளின் வாழ்வையும் சேர்த்தல்லவா கெடுக்கிறது! இதற்கு முன் முதலில் கேட்டு வந்த மாப்பிள்ளையின் வாப்பா ஆளுங்கட்சிக்காரர். தேர்தல் வைக்காமல், விளக்குக்கும் குடத்துக்கும் ஓட்டுக் கேட்டுப் பாராளுமன்றத்தை நீட்டியதைப் பற்றி இவர் கதைத்த கதையில், அந்த மனிதர் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார். அடுத்து வந்தவர்கள் முன்னால், போன பைனலில் விசில் ஊதிய நடுவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்த நடுவர்தான் அந்த மாப்பிள்ளையின் மச்சான்.

"இண்டைக்குப் பந்தும் கதைக்கப்படாது, கட்சியும் கதைக்கப்படாது" என்று காலையில் நபீஸா சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியம் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குத்தான் தாங்கியது.

அவளுக்கு விளங்காதது இன்னொன்றும் இருந்தது. இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்ததே இவர்தான். தன் ஊர் வெள்ளிப்பிறைக் கால்பந்துக் கழகத்தை மருதமுனை டீம் தோற்கடித்த நாளிலிருந்து, அந்த ஊர்த் தண்ணி தன் தொண்டையில் இறங்காது என்று திரிந்த மனிசன். தரகரும் இல்லாமல், தானே சைக்கிள் மிதித்துப் போய் அங்கே மாப்பிள்ளை கேட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் பெயர் ஜவுபர், கல்முனைச் சந்தையில் சாரனும் சட்டைத் துணியும் விற்கிற கடை, ஐந்து நேரமும் தொழுகிற பிள்ளை. அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் மாமா உதுமாலெவ்வையைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்லியபடி கச்சிமுகம்மது கையை வீசிக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்னத்துக்கு ஓட்டு வாங்கிப்போட்டு மத்தப் பக்கம் பாயிற எம்பியும், பொறந்த ஊர் டீம உட்டுப்போட்டுப் போற வெளையாட்டுக்காரனும் ஒண்டுதான் காக்கா! ரெண்டு பேரையும் ஊருக்குள்ள எடுக்கப்படாது!"

உதுமாலெவ்வையின் கையில் கோப்பை அப்படியே நின்றது. முகம் கறுத்துவிட்டது. இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தாள் நபீஸா. எம்பிமார் கட்சி மாறுவதை ஏசினால் உதுமாலெவ்வைக்கு ஏன் இவ்வளவு ரோசம் வரவேண்டும்?

"அப்ப, கலியாணம் முடிச்சு வேற ஊருக்குப் போறவன்?" என்று கேட்டார் உதுமாலெவ்வை.

"அதெப்பிடிக் காக்கா பாயிறதாகும்? பொண்டாட்டிர ஊர்தானே நம்மட மாப்பிள்ளமாருக்கு ஊர்! அது நம்மட வழமை. அதுல ஆரும் பிழ சொல்லேலா."

உதுமாலெவ்வை சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நபீஸாவுக்குத் தலை சுற்றியது.

"அப்ப சரி. வீடு?"

"முழு வீடும் மகள்ற பேருக்கு. நாங்க பின்னால ஒரு சின்னக் கொட்டிலப் போட்டுட்டு ஒதுங்குவம். சாகாமத்து வயலையும் எழுதித் தாறன்."

பாதி வீட்டுக்கு மேல் ஓர் ஓடுகூடத் தரமாட்டேன் என்று நேற்றுவரை நின்ற மனிசன்! நபீஸா திரைச்சீலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்டு காக்கா, நிக்காஹ் இந்த மாசத்துக்குள்ள முடியணும்."

"வெள்ளாமை வெட்டட்டுமே?"

"வெள்ளாமை நிக்கும். நல்ல காரியம் நிக்கப்படாது."

பாத்திஹா ஓதினார்கள். வட்டிலப்பம் தட்டோடு காலியானது. வந்தவர்கள் சிரித்த முகத்தோடு படலையைத் தாண்டியதும் நபீஸா பாய்ந்து வந்தாள்.

"உங்களுக்கு என்ன புடிச்சிரிக்கி? வீட்டையும் குடுத்து, வயலையும் குடுத்து, என்னத்துக்கு இந்த அவசரம்?"

கச்சிமுகம்மது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மாப்பிள்ள ஆரெண்டு நினைச்சாய்? மருதமுனை டீம்ட கோல் கீப்பர்! அடுத்த மாசம் பைனல். இனி அவர் நம்மட ஊர் ஆள், நம்மட கம்பத்துலதான் நிப்பார். நிர்வாகம் தூங்கினா ரசிகன்தானே புள்ள டீமப் பாக்கணும்!"

சொல்லிவிட்டு, செய்தியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகச் சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

நபீஸாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெற்ற மகளைக் கொண்டுபோய்க் கோல் கம்பத்தில் கட்டிவைக்க ஒரு தகப்பனுக்கு எப்படி மனம் வந்தது? அறைக்குள் ஓடிப்போய்ப் பரீனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"மகள், உனக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிரு. அவங்க சந்தி தாண்டுறதுக்குள்ள ஆள் அனுப்பி நிப்பாட்டுறன்."

"நிப்பாட்டிராதீங்க உம்மா!" பரீனா பதறிப்போய்த் தாயின் கையைப் பிடித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "சட்டைத் துணி எடுக்கப் போற கடைல அவரப் பாத்து ரெண்டு வருசமாகுது. புடிச்சிரிக்கி எண்டு சொன்னா வாப்பா என்ன வெட்டிப் போட்டிருப்பார். அதான், 'மருதமுனைக் கீப்பருக்கு இன்னும் பொண்ணு பாக்கல்லயாம்' எண்டு மட்டும் வாப்பாட காதுல விழுற மாதிரிக் கதைச்சன்."