பெயர் தெரியாத ஓவியர்

“ஐந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்த ஓவியருக்காகவோ வாற சம்பந்தமெல்லாத்தையும் தட்டுறாய்?” என்று லூர்தம்மா மகளைக் கேட்டார்.

“ஜெர்மன்காரர், இத்தாலிக்குப் போய் வரைஞ்சவர் எண்டு மட்டும்தான் தெரியும். அவரின்ரை பேரைக் கண்டுபிடிச்சாப் பிறகுதான் கலியாணம்,” என்றாள் ஆராய்ச்சி மாணவி லிசா. அந்த ஓவியர் வரைந்த சித்திரமொன்றைப் பார்க்க வாரந்தவறாமல் மியூனிக் அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறவள் அவள்.

அப்படி என்னதான் இருக்கிறதென்று லூர்தம்மா ஒருநாள் தனியாகவே போனார். சித்திரம் இருக்கவேண்டிய சுவர் வெறுமையாக இருந்தது. காவலுக்கு நின்ற தமிழ் இளைஞனிடம் விசாரித்தார்.

“அதை உள்ளுக்கு வைச்சு ஆறு மாசமாச்சு அன்ரி. பழைய கடதாசி, கனநாள் வெளிச்சம் படக்கூடாது.”

“அப்ப என்ரை மகள் லிசா கிழமைக்குக் கிழமை இஞ்சை ஆரைப் பாக்க வாறவள்?”

இளைஞன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வெறுஞ்சுவரையே பார்த்தான்.

லூர்தம்மா அவனுடைய நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.

“தம்பி எந்த ஊர்?”