ஒற்றைக் கால் ஷூ

போர் ஆரம்பித்த பிறகு அந்த எல்லையோர ஊரில் ஷூவை ஒற்றையாகவும் விற்றார்கள். ஆண்களையெல்லாம் பிடித்துப் போன படை, ஒரு காலை இழந்தவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்பியது.

"வலது கால், ஒன்பதாம் நம்பர்" என்றாள் அவள், பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குக் கேட்காதபடி.

"போன வாரம் வீட்டுக்காரருக்குன்னு இடது கால் வாங்கினியேம்மா?" என்றார் கடைக்காரர்.

"இது... தம்பிக்குண்ணே."

"அதே நம்பரா?"

சிப்பாய் திரும்பினான். அவள் சட்டென்று குனிந்து பையைத் துழாவினாள். கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா, நான்தான் கால் மாத்திக் கொடுத்துட்டேன்!" என்று சத்தமாகச் சிரித்தார்.

சிப்பாயும் சிரித்துவிட்டு வெளியேறினான்.

பொட்டலத்தை நீட்டியபடி அவர் கிசுகிசுத்தார்: "வீட்டுக்காரர் எல்லை தாண்டுறப்போ சொல்லும்மா. என் மகனும் ரெண்டு காலோட பரண்லதான் இருக்கான்."