காந்தாவின் கடுகுச் செடி

அடுப்படியில் கடுகு வெடித்தது. துரைக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாரியாத்தா வீட்டில் இருக்கும்வரை தாளிப்பு கூடாது. மகள் காந்தாவுக்குப் பெரியம்மை கண்டதிலிருந்து மனைவி செல்லியம்மாள் கடுகு டப்பாவைத் திறக்கவே இல்லை. இன்று காலையில், அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. இதோ, ரசத்துக்குத் தாளிக்கிறாள்.

அவன் ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தான். வாசனை பெரிய காஞ்சிபுரம் முழுக்கப் போகட்டும். அடுத்த சந்தில் இரண்டு பிள்ளைகளை வாரிக்கொண்டு போன ஆத்தா, அவன் பிள்ளையை விட்டுவிட்டாள்.

காந்தாவைத் தூக்கிவந்து முற்றத்தில் உட்கார வைத்தான். இத்தனை நாளும் சன்னல் அடைத்த அறையில், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவள். வீங்கி ஒட்டிப்போயிருந்த இமைகள் தண்ணீர் ஊற்றியபோதுதான் பிரிந்தன. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தலைகுனிந்தே இருந்தாள்.

இருட்டிலேயே கிடந்தவள், வெளிச்சம் கூசும் என்று நினைத்துக்கொண்டான்.

முற்றத்து ஓரம் உடைந்த சட்டியில் அவள் போட்ட கடுகுச் செடி நின்றது. கடுகுப் பூவுக்கு நாலு இதழ், சிலுவை மாதிரி எதிரெதிரே இருக்கும், நடுவில் மகரந்தம் தாங்கும் ஆறு கேசரம், அதில் நாலு நெட்டை, இரண்டு குட்டை என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னாராம். சொன்னால் சொன்னதுதான் என்று விடுகிற ரகமா அவள்? அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பிடி கடுகை அள்ளி விதைத்துவிட்டாள். பூப்பதற்குள் படுத்துவிட்டாள்.

துரைக்கண்ணு பட்டுக்குச் சாயம் போடுகிறவன். பூ என்றால் அவனுக்கு முழம் போட்டு விற்கிற பூதான். ஆனாலும் தினமும் அந்தச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினான். செடி வாடிவிட்டால் பிள்ளையும் என்று ஒருநாள் மனசு சொல்லப்போக, அதோடு நினைப்பதை நிறுத்திக்கொண்டான்.

கீழே பூத்ததெல்லாம் ஊசி ஊசியாகக் காய் பிடித்துவிட்டது. உச்சியில் மட்டும் இன்னும் பூ. ஒன்றைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“உன் கடுகுப் பூம்மா. எண்ணிப் பாரு.”

வடு நிறைந்த அந்த முகம் மலர்ந்தது. விரல்நுனியால் தடவி, இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மடியில் போட்டாள். நாலு. மிச்சம் நின்றதை நகத்தால் மெல்ல வருடினாள். நெட்டை நாலு. கொஞ்சம் தேடி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, குட்டை இரண்டு.

கண்ணைத் திறக்காமலே எண்ணிவிட்டாளே! துரைக்கண்ணுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. செல்லியம்மாளைக் கூப்பிட்டான். அவள் கரண்டியும் கையுமாக வந்து நின்று சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டு வெகுநாளாயிற்று.

காந்தா மடியில் துழாவி ஓர் இதழை எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை அகல விரித்தாள்.

உச்சி வெயில் நேராக அவள் கண்ணில் அடித்தது. இமை கொட்டவில்லை.

“வெளக்கு ஏத்துப்பா. இது இன்னா மஞ்சள்னு பாக்கணும்.”

துரைக்கண்ணு எழுந்து போய், அந்த வெயிலில், தீப்பெட்டியைத் தேடினான்.