கடைசித் தாள்

"கடைசித் தாளை உன்ரை மாமி வாங்கிக்கொண்டு போயிட்டா, பிள்ளை."

கடைக்கார அருட்பிரகாசம் சொன்னதும் பாலேஸ்வரி கையிலிருந்த சாமான் பையைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ஏனாம், அண்ணை?"

"சிவக்கொழுந்தக்காவிட்டை ஆர் ஏனெண்டு கேக்கிறது? 'இஞ்சை தா' எண்டா. குடுத்திட்டன்."

சண்டையில் பாதை மூடி, யாழ்ப்பாணத்துக்குப் பேப்பர் வருவது நின்ற நாளிலிருந்து அருட்பிரகாசம் பழைய புத்தகங்களைக் கிழித்துத்தான் சாமான் சுற்றிக் கொடுத்தார். அப்படி ஒரு சீனிச் சரையாக வந்ததுதான் அந்த இங்கிலீஸ் நாவலின் முதல் தாள். அப்போது பாலேஸ்வரி வயிற்றுப் பிள்ளைக்காரி.

ஒரு தாய், தன் குழந்தையை ஆரோ வீட்டு வாசலில் கிடத்திவிட்டுப் போகிறாள். புருசனின் பழைய டிக்சனரியை வைத்து அவ்வளவைக் கண்டுபிடிக்கவே ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

அந்தத் தாய் திரும்பி வருவாளா? அது தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டுக் கடையில் கேட்டாள்.

"அண்ணை, எங்கடை சாமானுகளை அந்தப் புத்தகத்திலையே வரிசையாச் சுத்தித் தாறீங்களோ?"

"உனக்கெண்டே எடுத்து வைக்கிறன், பிள்ளை."

எட்டு மாதம். மல்லியோடு ஒரு தாள், மிளகோடு ஒரு தாள். ஒரு வாக்கியம் தாளின் தலையில் தொடங்கினால் அடியில்தான் முடியும். அடிக்கு வரும்போது தலை மறந்துவிடும். கதையில் ஒரு கிழவர் செத்துப்போனது, ஆறு தாள் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் குந்தியிருந்து அழுதாள்.

"அந்தாளின்ரை முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிஞ்சிருக்கும். உனக்கு இப்பத்தான் சாச்சேதி வந்ததாக்கும்!" என்றாள் மாமியார் சிவக்கொழுந்து. "வெள்ளைக்காரன் வீட்டு விடுப்புக் கதை உனக்கேன்? குசினிக்கை கறி அடிப்பிடிக்குது, போய்ப் பார்."

அந்த மாமிதான் இன்றைக்குக் கடைசித் தாளைக் கொண்டுபோயிருக்கிறாள்.

வீட்டில் மாமியைக் காணவில்லை. பாலேஸ்வரி அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்தாள். மாமி தாளை எரித்தே விட்டாள் என்று முடிவுகட்டினாள்.

மத்தியானம் சாய்ந்த பிறகுதான் சிவக்கொழுந்து வந்தாள். முழங்கால்வரை புழுதி.

"என்ரை தாளை ஏன் மாமி எரிச்சனீங்கள்?"

அந்த வீட்டில் பாலேஸ்வரி குரல் உயர்த்தியது அதுதான் முதல்தரம். சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மாமி சுவரில் சாய்ந்து இருந்து மூச்சு வாங்கினாள்.

"நானோ எரிச்சனான்? உடுப்பிட்டிக்கு நடந்து போய், இங்கிலீஸ் வாத்தியாரிட்டைக் குடுத்து வாசிப்பிச்சுப் போட்டு வாறன். அண்டைக்கு ஆரோ கிழவன் செத்ததுக்கு அழுதழுது பிள்ளைக்குப் பால் குடுத்தனி. ரண்டு நாள் குஞ்சுக்கு வயித்தாலை போச்சுது. முடிவு என்னெண்டு தெரியாமல் உந்தத் தாளை உன்ரை கையிலை தரேலுமோடி?"

சேலைத் தலைப்பை அவிழ்த்துத் தாளை எடுத்து நீட்டினாள்.

"பிள்ளையை என்னட்டைத் தந்திட்டு, நீ பயப்பிடாமல் இருந்து வாசி. தாய் வந்திட்டாளாம்."