மூஞ்சிய காட்டாதீங்க

உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், கொலை வழக்கில் கைதான சின்னராசுவை ஜீப்பில் ஏற்றுவதைப் படம்பிடித்துவிட்டு, டி.வி. நிருபர் ராஜாராம் காரில் ஏறினார். தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ஒரு பெண் ஓடிவந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அந்த மனுசன் மூஞ்சிய டி.வி.ல காட்டாதீங்க. பஞ்சாயத்து டி.வி. முன்னாடி ஊரே குந்திக்கினு பாக்கும். கொலகாரன்னே முடிவு கட்டிடுவாங்க."

"வரப்புத் தகராறில் பஞ்சாட்சரத்தை வெட்டினது உன் புருஷன்தான்னு போலீஸே சொல்லியாச்சேம்மா."

"வெட்டுனது அவரு இல்ல சார். நான் கண்ணால பாத்தேன்."

"எல்லாப் பெண்டாட்டியும் இதைத்தான் சொல்றாங்க. செத்தவன் பெண்டாட்டியை நினைச்சுப் பார்த்தியா? நீ பூவும் பொட்டுமா வந்து நிக்கிறே!"

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்குக் கருமாதி சார். அதுவரிக்கும்தான் இந்தப் பூவும் பொட்டும். சொந்தக்காரங்க வெச்சி வுட்டாங்க. செத்துப்போனவருதான் என் வூட்டுக்காரரு."

ராஜாராம் காரை விட்டு இறங்கினார்.

"அப்போ யாரும்மா வெட்டினது?"

"என் வூட்டுக்காரரோட கூடப்பொறந்த அண்ணன். கருமாதி முடியாம வெளிய போவக்கூடாதுன்னு என்னை வூட்டுல அடைச்சி வெச்சவரும் அவருதான். தோட்டத்துப் பக்கமா ஓடியாந்தேன்."

"இதை ஸ்டேஷனுக்குள்ளே போய்ச் சொல்லாம, என்கிட்டே ஏன் வந்தே?"

"நீங்க கெளம்பிக்கினு இருந்தீங்களே சார். டி.வி.ல அந்த மூஞ்சி வந்துட்டா, அப்பால என் பேச்ச இன்னான்னு கேப்பாங்க?"