மாவாகும் தோட்டா

மனிதன் மேல் பட்டால் மாவாக உதிர்ந்துவிடும் தோட்டாவை மட்டுமே விற்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, காட்டுப்பன்றி சுடப் போகிறவர்களுக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவனை மரத்தோடு நிறுத்தி நெஞ்சிலேயே சுடுவார்கள். சட்டை வெளுக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். தன் முறை வந்தபோது ராக்கியண்ணன் வேட்டியை நனைத்துக்கொண்டதை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று துப்பாக்கி அவன் கையில். சோளக்காட்டு வேப்பமரத்தடியில் புதிதாகச் சேர்ந்த அகதி முகாம் யோகராசனை இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"வேண்டாம் அண்ணை. இந்தத் தோட்டாவுக்குக் குடியுரிமை உள்ள ஆக்களைத்தான் தெரியுமாம். எனக்கு அது இல்லை."

"பயத்துல ஆளுக்கொரு கதை சொல்றதுதான். நானும் சொன்னேன்" என்று சொல்லிச் சுட்டான் ராக்கியண்ணன்.

மாவு உதிரவில்லை. முதுகைப் பிய்த்துக்கொண்டு போய் மரப்பட்டையைத் தெறிக்கவிட்டது தோட்டா. பிடித்திருந்தவர்களின் முகமெல்லாம் ரத்தம். யோகராசனின் வாயில் நுரைத்து வந்ததை ராக்கியண்ணன் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான், அது நிற்கும்வரை.

இன்ஸ்பெக்டர் வந்ததும் துப்பாக்கியை அவர் காலடியில் வைத்தான்.

"நாந்தானுங்க கொன்னேன். கேஸ் எழுதுங்க."

"என்னன்னு எழுதறது? இந்தத் தோட்டா மனுசனக் கொல்லாதுன்னு சட்டமே சொல்லுதே."

"அப்ப இவன் யாருங்க?"

இன்ஸ்பெக்டர் மற்ற இருவரைப் பார்த்துச் சொன்னார்:

"பன்னி ஏத்த டிராக்டர் வந்திருக்குதில்ல, அதுலயே ஏத்துங்க."