நின்று பார்த்திருக்கலாம்

“மறுபடியும் உயிரோட வெளிய வந்துடக் கூடாது. அதுக்கு உத்தரவாதம் தருவீங்களா?” என்று வாத்தியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த முதலாளி சிரித்தார். “எங்க கைக்கு வந்தது எதுவும் இதுவரைக்கும் திரும்பிப் போனதில்லை சார். நசுக்கித் தகரமாக்கிட்டுத்தான் மறுவேலை.”

வாத்தியார் ஜன்னல் வழியாகத் தன் பழைய வெள்ளைக் காரைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். போன மாதம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, ஓட்டிய பெண் மிதித்த பிரேக்கும் பிடிக்கவில்லை, பக்கத்து சீட்டிலிருந்து இவர் மிதித்த பிரேக்கும் பிடிக்கவில்லை. குறுக்கே ஒரு மணல் குவியல் இருந்த புண்ணியத்தில் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “அடிப்பக்கம் மொத்தமும் துருப்பிடிச்சுப் போச்சு வாத்தியாரே. இன்னைக்கு சரி பண்ணினா நாளைக்கு வேற இடத்துல பிச்சுக்கும்.” இனி இதில் யார் வீட்டுப் பிள்ளையும் ஏறக் கூடாது என்று வாத்தியார் அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஆனால் எமனை வாசலோடு அனுப்பிவைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. தெருமுனைத் தரகர், “பேப்பரெல்லாம் எதுக்கு சார்? சாவியைக் குடுங்க, காசை வாங்கிக்குங்க” என்றார். சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் கடைக்காரர் இன்னும் கூடவே தருவதாக ஆசை காட்டினார். அந்தக் கடையில் நசுக்கும் இயந்திரத்தைக் காணோம், பெயிண்ட் அடிக்கும் கொட்டகைதான் இருந்தது. வாத்தியார் வந்த வழியே திரும்பிவிட்டார்.

“வர்ற காசை வேணாம்னு ஓடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்று வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். “மாப்பிள்ளை கார் வாங்கணும்னு ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டு இருக்கார். அவருக்காவது குடுக்கலாமே.”

“அடுத்தவன் பிள்ளையே ஏறக் கூடாதுங்கறேன், என் பொண்ணை ஏத்தச் சொல்றியா?” என்று எரிந்து விழுந்தார்.

அதற்கப்புறம் அலைந்து திரிந்து கண்டுபிடித்ததுதான் இந்த இடம். சுவரில் அரசாங்க உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அது நிஜம்தானா என்று போக்குவரத்து அலுவலகத்துக்கே போய் விசாரித்தார். நசுக்கும் இயந்திரம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

முதலாளி எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்குக் கீழே குனிந்தவர், “இந்தப் பக்கமும் பிரேக்கா! அது மேல என்ன சார், செருப்பா?” என்றார்.

“ரப்பர் தேய்ஞ்சு கால் வழுக்குச்சு. போன வருஷம் என் பழைய நீலச் செருப்பை வெட்டி ஒட்டினேன்” என்று வாத்தியார் நெளிந்தார்.

“சரி, வாங்க. வண்டியில அடிச்சிருக்கற நம்பரை வெட்டி எடுத்துட்டுத்தான் நசுக்குவோம். முடியற வரைக்கும் ஓனர் கூடவே நின்னு பாக்கணும். அதான் முறை.”

வாத்தியார் பானட்டைத் தடவினார். இத்தனை வருஷம் சோறு போட்ட வண்டி.

“வேணாங்க. அதைப் பாக்கற தைரியம் எனக்கில்லை. உங்களை நம்பித்தானே வந்திருக்கேன்.”

முதலாளி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். “அப்படின்னா பரவாயில்லை சார். கூட நின்னு பார்த்ததா ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க.”

போட்டார். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

ஒரு மாதம் கழித்து, முத்திரையும் கையெழுத்துமாகச் சான்றிதழ் வந்தது. அதை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “பாத்துக்கோ. இனிமே அதால ஒரு ஈ எறும்புக்குக்கூட ஆபத்து கிடையாது.”

“ஆமா, பெரிய விருது வாங்கிட்டீங்க” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் மகள். காற்று இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினாள்.

“அப்பா! உங்க மாப்பிள்ளை ஒருவழியா கார் வாங்கிட்டாருப்பா! பழசுன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான் முன்னாடியே சொல்லலை. பச்சைக் கலர், பெயிண்ட் இன்னும் வாசம்கூடப் போகலை. பசங்களையும் ஏத்திக்கிட்டு மலைக்கு வந்தோம், இப்ப இறங்கிக்கிட்டு இருக்கோம்.”

வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். “சந்தோஷம்மா! இறக்கத்துல பாத்து மெதுவா ஓட்டச் சொல்லு.”

“கவலையே படாதீங்கப்பா, நம்ம வண்டியில இருந்த மாதிரியே இதுலயும் என் பக்கம் ஒரு பிரேக் இருக்கு... எவனோ நீலச் செருப்பை வெட்டி ஒட்டி வச்சிருக்கான்!”